பெயிண்ட் வாளியில் வந்த மலைச்செடி

அத்தை கொடைக்கானலிலிருந்து கோபித்துக்கொண்டு வந்து இறங்கியபோது அவள் இடுப்பில் ஒரு பெயிண்ட் வாளி இருந்தது. தோளில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான் சாமான். ஆட்டோ சத்தம் கேட்டு ஓடிப்போன நான் வாளிக்குள் எட்டிப் பார்த்து ஏமாந்துபோனேன். மலையிலிருந்து வருகிறவர்கள் பிளம்ஸ் கொண்டுவருவார்கள், கேரட் கொண்டுவருவார்கள், மனசு இருந்தால் சாக்லேட் கொண்டுவருவார்கள். வாளி நிறைய மண்ணைக் கொண்டுவந்த முதல் ஆள் அத்தைதான்.

"என்னத்தை இது, வெறும் மண்ணு?"

"வெறும் மண்ணு இல்ல பிள்ள. உள்ளாற ஒரு செடி தூங்குது. தட்டி எழுப்பிறாத" என்றாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் அப்பா எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் கிணற்றில் மோட்டார் புகைந்தாலும் அப்பா காட்டில் மழை. அவருடைய ஒரே தங்கைதான் அத்தை. கொடைக்கானலில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் மாமாவும் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தார்கள். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தான். இந்தச் சண்டை அவனுக்குச் சொல்லப்படவில்லை.

சண்டை இதுதான். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பேரிக்காய் மரம் நின்றது. அதன் நிழலில் அத்தை ஒரு தோட்டம் வைத்திருந்தாள். வெயில் பட்டால் ஆகாத செடிகளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. சீசனுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் கேட்கிறார்கள் என்று, அத்தை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமா மரத்தை வெட்டித் தோட்டத்தின் மேல் சிமென்ட் போடத் தொடங்கிவிட்டார். திரும்பி வந்த அத்தை, சிமென்ட் எட்டாத ஓரத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு செடியை வேரோடு தோண்டி, சுவருக்கு அடித்துக் காலியான பெயிண்ட் வாளியில் வைத்து, பஸ் ஏறிவிட்டாள்.

அப்பா அன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டார். மாமா, "நானா போகச் சொன்னேன்? தானா போனவ தானா வரட்டும்" என்றிருக்கிறார். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "மாப்ள வந்து முறையாக் கூப்டாம எந்தங்கச்சி இந்த வாசப்படியத் தாண்ட மாட்டா" என்று சொல்லிப் போனை வைத்தார். இரண்டு பேரும் இப்படிப் பேசி முடித்ததும், நடுவில் அத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் கொண்டாட்டம். அம்மா எனக்குத் தலை பின்னினால் கண்ணில் நீர் வரும். அத்தை பின்னினால் தூக்கம் வரும். அம்மா கணக்குப் பாடத்தில் தப்புக் கண்டுபிடிப்பாள். அத்தைக்குக் கணக்கே வராது என்பதால் நாங்கள் இருவரும் சரிசமமாக உட்கார்ந்து தப்பாகப் போட்டோம். அத்தை இந்த வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று நான் தினமும் சாமியிடம் கேட்டேன்.

மாசி மாதக் கடைசியில் வாளி மண்ணைப் பிளந்துகொண்டு கூர்கூராக முளை வந்தது. சுருட்டி வைத்த காகிதம் போலிருந்த முளைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நடுவில் கரும்பச்சை, ஓரம் முழுக்கப் பாலாடை நிறத்தில் அகலமான கரை. யாரோ உட்கார்ந்து தூரிகையால் வரைந்ததுபோல அந்த வெள்ளை உள்ளே இழுத்து இழுத்து ஓடியிருந்தது. இலை பிரியப் பிரியப் பெரிதாகி, வீட்டில் வெற்றிலை பாக்கு வைக்கும் தாம்பாளத்தின் அளவுக்கு வந்து நின்றது. ஹோஸ்டா என்று பெயர் சொன்னாள் அத்தை. அப்பா வாயில் அது நுழையவில்லை. மலைச்செடி என்றே வைத்துக்கொண்டோம்.

வாளி இருந்தது எங்கள் வீட்டுப் பின்சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இடையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். அந்தச் சந்தில் நாள் முழுக்க நிழல்தான். உச்சிவெயில் மட்டும் செத்த நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

வீட்டுக்கே மோட்டார் கொண்டுவந்த தாடிக்கொம்புத் தக்காளிக்காரர் ஒருவர் செடியைப் பார்த்துவிட்டு, "ஓரமெல்லாம் வெளுத்திருச்சே, சத்துப் பத்தலை" என்று வருத்தப்பட்டார். மறுநாளே ஒரு மருந்துப் பொட்டலமும் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதைக் கரைக்க வாளி தேடும்போது அத்தை பிடுங்கி வைத்தாள்.

"அது நோவு இல்லண்ணே, அது நெறம்."

"என்ன நெறமோ. பாத்தியா, ஓம் மலையவிட நம்மூருல நல்லா வருது" என்றார் அப்பா. அவருக்கு எதிலும் சொந்த ஊர் ஜெயித்தாக வேண்டும்.

"இப்ப வரும்ண்ணே. சித்திர வெயில் வரட்டும், அப்புறம் பாரு."

"வெயில்லயும் நிக்கும்."

அத்தை கொஞ்ச நேரம் இலையைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி, "சரி, ஒரு பேச்சு. செடி வெயிலத் தாங்கி நின்னுச்சுன்னா நானும் இங்கேயே நின்னுர்றேன். கருகிருச்சுன்னா நான் பாட்டுக்கு பஸ் ஏறிருவேன். அவரு வரணும், கூப்டணும்னு நீ மறிக்கக் கூடாது" என்றாள்.

"கைய அடி" என்றார் அப்பா. அத்தை அடித்தாள். உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மா கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். பிறகு மறுபடி அரியத் தொடங்கினாள்.

அன்றிலிருந்து அந்த வாளிதான் எனக்குப் படிப்பு, விளையாட்டு எல்லாம். காலையில் பல் விளக்கும் முன்னால் போய்ப் பார்ப்பேன். பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றாமல் ஓடுவேன். செடி நின்றால் அத்தை நிற்பாள். வேறு எந்தக் கணக்கும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

பங்குனி பாதியிலேயே வெயில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. முதலில் அந்த வெள்ளைக் கரைதான் மாட்டிக்கொண்டது. நுனியில் பழுப்பாக ஒரு பொட்டு. மறுநாள் அது இரண்டு விரல் அகலத்துக்குப் பரவியிருந்தது. அப்பாவைக் கடையிலிருந்து கையோடு இழுத்துவந்து காட்டினேன்.

அப்பா சும்மா இருப்பாரா? வீட்டுக்குப் பச்சை வலை வந்தது. சந்து முழுக்கச் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டினார். அதுவும் போதாதென்று கடையில் கிடந்த பழைய சின்ன மோட்டார் ஒன்றைச் சரிபண்ணி, மருந்தடிக்கும் நாசிலை மாட்டி, செடியின் மேல் பனி போலத் தண்ணீர் இறைய வழி செய்தார். சுவிட்சைத் தட்டினால் சந்தே கொடைக்கானலாகிவிடும். போர் தண்ணீர் உப்பு, இலையில் பட்டால் வெந்துபோகும் என்று, எப்போதாவது ஒருநாள் குழாயில் வரும் குடிதண்ணீரை அதற்குப் பிடித்து வைத்தோம்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "மனுசனுக்குக் குடிக்கத் தண்ணியக் காணோம், செடிக்கு மெஷின் வெச்சு அடிக்கிறாரு" என்று பாத்திரத்தோடு பேசினாள். செடிக்காக ஒரு துரும்பையும் அவள் கிள்ளிப்போடவில்லை. ஒரு நாளும் சந்துக்கு வந்து அதை நின்று பார்த்ததில்லை. நான் அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

"மலையில இதுக்குக் காலு எப்பவும் ஜில்லுன்னு இருக்கும்" என்று அத்தை ஒருமுறை சொல்லியிருந்தாள். அது என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு பாய் பிரியாணிக் கடை வைத்திருந்தார். கறி வைக்க வீட்டிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. நான் பாயம்மாவிடம் போய் நின்றேன்.

"எதுக்கும்மா ஐஸு? ஜூஸா?"

"செடிக்குக் கால் சுடுது."

பாயம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, காலிப் பால் பாக்கெட்டுகளில் தண்ணீர் ஊற்றி உறையவைத்துத் தினமும் மதியத்துக்கு முன் சுவருக்கு மேலாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதை வாளியைச் சுற்றி அடுக்கி ஈரச் சாக்கைப் போர்த்துவேன். கை மரத்துப் போகும். அப்படியும் போர்த்துவேன்.

செடி பிழைத்தது. சித்திரை பிறந்து, ரோட்டில் தார் இளகி, கடையில் அப்பாவால் இரும்பைத் தொட முடியாமல் போன நாட்களில், அந்தச் சந்தில் மட்டும் ஒரு புது முளை கிளம்பி இலை பிரித்தது. முன்னதைவிடச் சின்ன இலைதான். ஆனால் வெள்ளைக் கரை துளி வாடாமல் இருந்தது. நான் கத்திய கத்தலில் அத்தை அரிசி களைந்த கையோடு ஓடிவந்தாள். பார்த்தாள். அப்படியே துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல பிள்ள" என்று என் தலையைத் தடவினாள். அவள் கண்ணில் நீர் நிரம்பி வழிந்தது. சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. அப்பா சொந்தக்காரர்களுக்கெல்லாம் செடியின் போட்டோவை அனுப்பினார். மாமாவுக்கும் அனுப்பினார், அவர் பங்குக்கு வயிறு எரியட்டும் என்று.

மாமாவிடமிருந்து பதில் வரவில்லை. இரண்டொரு நாள் கழித்து கொடைக்கானல் பஸ்ஸில் ஒரு மூட்டை வந்திருப்பதாகக் கண்டக்டர் போன் செய்தார். அப்பா வண்டியில் போய் எடுத்துவந்தார். பிரித்தால், கறுப்பாக, ஈரமாக, மக்கிய இலை. கடிதம் இல்லை, பழம் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஆள் வரல, குப்பை வந்திருக்கு" என்றார் அப்பா.

அத்தை மூட்டையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள். அதில் பாதி மக்காத இலைகள் சில இருந்தன. பேரி இலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அந்தப் பிடியை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா தோசை மாவு புளித்துவிட்டதா என்று மோந்து பார்ப்பாளே, அப்படி உரம் பக்குவமா என்று பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். பக்குவம் பார்க்க ஏன் அவ்வளவு நேரம் என்று மட்டும் தோன்றியது.

அன்று மாலை தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவள், உள்ளே பேச்சுக் குரல் கேட்டு வாசலிலேயே நின்றேன்.

"இங்கனயே இருந்து என்னத்தா பண்ணப் போற? ஓம் வீட்டுக்குக் கெளம்பு." அம்மாவின் குரல்.

"செடி நிக்கிதே மதினி" என்றாள் அத்தை.

"செடி என்ன பெரிய செடி."

தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன். நான் சந்தேகப்பட்டதெல்லாம் சரி. அம்மா அத்தையைத் துரத்தப் பார்க்கிறாள். செடி ஒன்றுதான் நடுவில் தடையாக நிற்கிறது. இனி அந்தச் செடிக்கு என்ன ஆனாலும் அது யார் கைவேலை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். அது பள்ளி விடுமுறை நாட்களில் என் வேலை. எங்கள் வீட்டு மாடிக்குப் போவது வெளிப்புறமாக வைத்த இரும்புச் சுருள் படி. அம்மாவுக்கு அது ஆகாது, பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பாள். ஏறிப் போய்ப் பார்த்தால், மாடியின் நட்ட நடுவில் பெயிண்ட் வாளி. இலைகளெல்லாம் துவண்டு வாளியின் மேல் விழுந்து கிடந்தன. தரை கால் வைக்க முடியாமல் கொதித்தது.

வாளியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. உட்கார்ந்து முதுகை முட்டுக்கொடுத்துக் காலால் உந்தி உந்தி, சின்டெக்ஸ் தொட்டியின் நிழலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஈரத்துணிகள் அத்தனையையும் அதன்மேல் போர்த்தினேன். அப்பாவின் வேட்டி, என் பாவாடை, அம்மாவின் சேலை எல்லாம்.

அம்மா எப்படி இந்தப் படியில் ஏறினாள் என்ற கேள்வி வராமல் இல்லை. ஆத்திரம் வந்தால் அம்மா மலையே ஏறுவாள் என்று பதில் சொல்லிக்கொண்டேன்.

ஓடிப்போய் அத்தையிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அத்தையின் முகம் வெளுத்துப்போனது.

"நீயா நகத்துன? நீ ஒத்தையாவா?"

"ஆமா. அம்மாதான் வெச்சிருக்கும். அப்பாட்ட சொல்லப் போறேன்."

"வேணாம்!" என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "யாருட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவளே மேலே போய் வாளியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மலைப்பாதையில் நடந்து பழகிய காலால் சர்வசாதாரணமாகச் சுருள் படியில் இறங்கி வந்தாள். தன்னைத் துரத்துகிறவளையே காட்டிக்கொடுக்காத அத்தையின் பெருந்தன்மையை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு நான் அம்மாவின் நிழலானேன். அவள் கொல்லைப் பக்கம் போனால் நானும் போனேன். குழாயடிக்குப் போனால் நானும். "ஏன்டி வாலு மாதிரி சுத்துற?" என்று கேட்டாள். செடி மெல்லத் தலை தூக்கியது. மாமா அனுப்பிய மக்கிய இலையை நானே அள்ளி வாளியில் போட்டேன். ராத்திரி தூங்கப் போகும் முன் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வெயில் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் நத்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அப்பாவுடைய கடைப் பையனின் அக்காவுக்கு. குடும்பத்தோடு போவதாகப் பேச்சு. காலையில் கிளம்பும் நேரத்தில் அத்தை தலைவலி என்று படுத்துவிட்டாள். சரி, அத்தை காவலுக்கு இருக்கிறாள் என்று எனக்கு நிம்மதி. வண்டியில் ஏறப்போகும்போது அம்மா, "நானும் வரல. இவளுக்குத் தொணைக்கு இருக்கேன். நீங்க பிள்ளயக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றாள்.

நானும் வரவில்லை என்றேன். அழுதேன். அப்பா என்னை அப்படியே தூக்கி வண்டியில் முன்னால் உட்காரவைத்துக் கிளம்பிவிட்டார்.

அந்தக் கல்யாணத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. பந்தலில் எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். வெளியே மாந்தோப்பின் மேல் வெயில் வெள்ளையாக நின்றது. அந்த வெயிலைப் பார்க்கப் பார்க்க எனக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடிதான் தெரிந்தது. இலையில் ஜிலேபி வைத்தார்கள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போவம்ப்பா." அப்பா யாரோடோ மோட்டார் பேசிக்கொண்டிருந்தார். "போவம்ப்பா, வீட்டுக்குப் போவம்ப்பா." அவர் பேசி முடித்து, தாம்பூலப் பை வாங்கி, வழியில் ஒரு டீ குடித்து, வீடு சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

சந்துக்கு ஓடினேன். வலையின் கீழே வாளி இருந்த இடத்தில் ஒரு ஈர வட்டம்கூட இல்லை.

நான் படியில் ஏறும்போதே அலறியிருக்க வேண்டும். அப்பா பின்னாலேயே வந்தார். வாளி அதே இடத்தில், மாடியின் நடுவில் இருந்தது. இலைகள் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டிருந்தன. வெள்ளைக் கரையைத் தொட்டேன். நொறுங்கிக் கையோடு வந்தது.

அப்பா வாளியைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். "யாரு வெச்சது?" என்று கேட்டார். அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நான்தான் வெச்சேன்" என்று அம்மா முன்னால் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "சந்தக் கழுவிவிட்டேன். வாளி மறிச்சுச்சு. தூக்கி மேல வெச்சேன், மறந்துட்டேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு சுருள் படியைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் பாயம்மா பாத்திரம் வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு அப்பா தெருவுக்கே கேட்கும்படி அம்மாவைத் திட்ட ஆரம்பித்தார். அறிவிருக்கா, கண்ணிருக்கா, இம்புட்டுப் பாடுபட்டு வளர்த்த செடி என்று ஒன்று விடாமல். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திட்டி முடித்து, குரலை இறக்கி, "பேச்சு பேச்சுதான். நாளைக்கு முத வண்டிக்குக் கெளம்புத்தா" என்றார் அத்தையிடம்.

நான் அன்று அம்மா கையால் சாப்பிடவில்லை. தலை பின்ன வந்தாள், தள்ளிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சீப்பை வைத்துவிட்டுப் போனது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. குற்றவாளி என்பதால்தான் பேசவில்லை என்று நினைத்தேன்.

காலையில் அத்தை கருகிய இலைகளையெல்லாம் கத்தரித்துவிட்டு வாளியை எடுத்துவந்து வாசலில் வைத்தாள். பிறகு உள்ளே போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். விடவே இல்லை. செய்ததையெல்லாம் செய்த ஒருத்தியை இப்படிக் கட்டிப்பிடிக்க எப்படி மனசு வருகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டோ வந்து நின்றது.

"செத்த செடிய எதுக்குத்தை மறுபடி தூக்கிட்டுப் போறீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

அத்தை மண்ணை விரலால் கிளறிக் காட்டினாள். கீழே கொழுகொழுவென்று வெள்ளை வேர். நடுவில் ஒரு முளையின் மூக்கு. "சாகல பிள்ள. மேலதான் கருகிருக்கு. வேரு நல்லாத்தான் இருக்கு. குளுரு பட்டா வந்துரும்" என்றாள்.

நான் அழுகையை நிறுத்தினேன். "அப்ப செடி சாகலைல்ல? அப்ப நீங்க இங்கதான இருக்கணும்? அப்பா, செடி உசுரோட இருக்குப்பா! அப்ப அத்தை போகக் கூடாதுல்ல?"

வாசலில் மூன்று பெரியவர்கள் நின்றிருந்தார்கள். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆட்டோவைப் பார்த்தாள்.

"ஏறு, ஏறு, வண்டி போயிரும்" என்றார் அப்பா, என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்து நகர்த்திக்கொண்டே. ஆட்டோ கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை நான் நியாயம் கேட்டுக் கத்தினேன். அவ்வளவு பெரிய அநியாயத்தை நான் அதுவரை கண்டதில்லை.

அடுத்த விடுமுறைக்கு எங்களைக் கொடைக்கானலுக்குக் கூப்பிட்டார்கள். மாமா போட்ட சிமென்ட்டில் பாதியைப் பெயர்த்தெடுத்து, மேலே வலை கட்டி, ஓரத்தில் ஒரு பேரிக் கன்றும் வைத்திருந்தார். அந்த நிழலில் மலைச்செடி ஒரு வண்டிச் சக்கரம் அகலத்துக்குப் படர்ந்திருந்தது. அத்தை அதற்குப் பக்கத்தில் உட்காரவைத்து எனக்குத் தலை பின்னினாள். நான் அம்மாவுக்கு மட்டும் அந்தச் செடியைக் காட்டவில்லை.

இதெல்லாம் நடந்து, நானும் வளர்ந்து, வேலைக்குப் போய், சென்ற மாதம் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். மாடியில் புதிதாகத் தளம் போட்டிருந்தார்கள். சாயங்காலக் காற்று நன்றாக இருந்தது. கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவை, செத்த நேரம் மேலே வந்து உட்காரேன், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கூப்பிட்டேன்.

"ஐயையோ, என்னால ஆகாதும்மா. இந்த வீடு கட்டுன நாள்லருந்து அந்தப் படியில நான் கால் வெச்சதே இல்ல" என்றாள் அம்மா.

அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார். "ஒரே ஒரு தடவ ஏறியிருக்கா. பெயிண்ட் வாளியத் தூக்கிக்கிட்டு."

அம்மா கீரைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அப்பா பேப்பரைப் புரட்டினார். நான் படியின் பாதியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் நின்றுகொண்டிருந்தேன்.